ழான் துவாலின் வசனம்

போதலேரைப் படித்தவர்களுக்கு ழான் துவால் ஒரு கறுப்பு வீனஸ். கூந்தல், வாசனை, சோம்பல், குரூரம். 1857இல் வெளிவந்த ‘தீமையின் மலர்கள்’ தொகுதியில் ஒரு வரிசைக் கவிதைகள் அவளைப் பற்றியவை என்பது விமர்சகர்களின் கணிப்பு. அந்த ஆண்டே நீதிமன்றம் தடைசெய்த ஆறு கவிதைகளில் ஒன்றும் அந்த வரிசையைச் சேர்ந்ததுதான்; தடை நீங்க 1949 வரை ஆயிற்று. இவ்வளவு பேச்சுக்கு நடுவில் ஒரு விஷயம் அடிக்குறிப்பாகவே ஒதுங்கிப் போகிறது. அவள் ஒரு நடிகை.

புகைப்படக் கலைஞர் நாதார் தம் நினைவுக்குறிப்பில் அவளை மேடையில் காட்டுகிறார்: பாரிஸின் போர்த் செந்த்-அந்துவான் அரங்கில், பெர்த் என்ற பெயரில், வேலைக்காரியாக ஒரு சிறு வேடம். அந்தக் குறிப்பு நூலானது 1911இல், நாதார் இறந்த மறு வருடம். அவளைப் பற்றிக் கிடைப்பதெல்லாம் இப்படிப் பிறர் வாய்வழி வந்தவை. பெயர்கூட நிலையாக இல்லை; துவால் என்கிறார்கள், லெமேர் என்கிறார்கள். 1845இல் போதலேர் தற்கொலைக்கு முயன்றபோது தன் உடைமைகளை அவளுக்கு எழுதிவைத்த கடிதத்தில் அவள் ழான் லெமேர்.

ஓவியர்களும் அவளைத் தங்கள் வசதிக்கே வைத்துக்கொண்டார்கள். கூர்பே 1855இல் முடித்த ‘ஓவியனின் பட்டறை’யில், வாசித்துக்கொண்டிருக்கும் போதலேரின் அருகே அவளை வரைந்து, பிறகு வண்ணம் பூசி மறைத்தார். காலப்போக்கில் மேல்பூச்சு மெலிந்து, அவள் உருவம் மங்கலாக வெளியே வந்துவிட்டது. 1862இல் மானே வரைந்த சித்திரத்தில் பிரம்மாண்டமான வெள்ளைப் பாவாடைக்கு மேல் சின்னஞ்சிறு முகம். அதற்கு மூன்று வருடம் முன்பே பக்கவாதம் அவளைத் தாக்கியிருந்தது.

இவளைக் கதாபாத்திரமாக்க முனைகிறவன் என்ன செய்வது? குரலற்றவளுக்குக் குரல் கொடுக்கிறேன் என்று கிளம்புவது சுலபம். எனக்கு அதில் சந்தேகம் உண்டு. பிறர் எழுதிய வசனத்தைப் பேசுவது அவள் தொழில். அவள் நினைத்ததாக நாம் எழுதும் தன்கூற்றும் அவள் கையில் கொடுக்கப்படும் இன்னொரு வசனத்தாள்தானே?

ஏஞ்சலா கார்ட்டர் இந்தச் சிக்கலை அறிந்தவர். 1985இல் வந்த அவருடைய ‘கறுப்பு வீனஸ்’ தொகுதியின் தலைப்புக் கதையில் ழான், கவிஞன் கற்பித்த நடனத்தைச் சலிப்போடு ஆடுகிறாள். அவன் கனவு காணும் தீவு அவளை ஈர்க்கவில்லை. கதை நடுவே ஆசிரியர் குறுக்கிட்டு, அவளைப் பற்றிய தகவல்கள் எவ்வளவு சொற்பம் என்று சொல்லிவிடுகிறார். இந்தக் குறுக்கீட்டையே கதையின் நேர்மையாக நான் கருதுகிறேன். இட்டுக்கட்டியது எது என்று வாசகனுக்குத் தெரிகிறது.

முடிவுதான் எனக்கு உறுத்துகிறது. போதலேர் 1867இல் இறந்தபின், ஊன்றுகோலோடு தெருவில் நடந்த அவளைக் கண்டதாக நாதார் சொன்னார். கார்ட்டர் அவளைக் கரீபியத் தீவுக்கு அனுப்பி, செல்வச் செழிப்போடு முதுமை எய்தவிட்டு, கவிஞனின் நோயைக் காலனி அதிகாரிகளுக்குப் பரப்பவைக்கிறார். வாசிக்க இன்பமான பழிவாங்கல். ஆனால் அது நம்முடைய பழி. கவிஞன் அவளைத் தன் பாவத்தின் உருவமாக்கினான். நாம் நம் நியாயத்தின் உருவமாக்குகிறோம். நாலோ ஹாப்கின்ஸன் 2003இல் எழுதிய ‘உப்புப் பாதைகள்’ நாவலிலோ அவள் உடலில் ஒரு தெய்வம் குடியேறுகிறது. அங்கும் உடல் வேறொருவருக்கு வாடகைக்கு.

சுதந்திரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆவணம் மௌனமாக இருக்கும் இடத்தில்தான் புனைகதைக்கு வேலை. ஆனால் எந்த இடத்தில் நுழைகிறோம் என்பதில் ஒரு தேர்வு இருக்கிறது. எல்லோரும் அவளைப் படுக்கையறையிலேயே சந்திக்கிறார்கள். போதலேர் நுழைந்த பிறகே அவள் வாழ்க்கை தொடங்குகிறது. 1842க்கு முந்திய ஏதோ ஒரு மாலையில், வேலைக்காரி உடையில், தன் இரண்டு வரிகளுக்காகத் திரை ஓரம் காத்து நிற்கும் நடிகையை எழுதிப் பார்க்கலாம். கூலி எவ்வளவு, உடை யாருடையது, அவள் நிறத்தைப் பார்த்து அரங்கில் எழுந்த சிரிப்பை எப்படித் தாங்கினாள், அந்த வரிகளை எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்தாள் என்று. அங்கே அவள் யாருடைய வீனஸும் இல்லை. அவளுக்கு வேலை இருக்கிறது.