60 சொச்சம் பாஸ்வேர்டுகள்

போன மாதம் ஒரு ராத்திரி, தூக்கம் வராமல் ரௌட்டர் பக்கத்தைத் திறந்து, நம்ம வைஃபையில் யார் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று பார்த்தேன். 11 கருவிகள். பத்து தெரிந்தவை. பதினொன்றாவதற்குப் பெயரே இல்லை. பக்கத்து வீட்டுப் பையனோ? ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்ததில் ஆள் சிக்கியது: வாசலில் நானே மாட்டிய கேமரா.

மிராய் ஞாபகம் வந்தது. 2016இல் உலகத்தை உலுக்கிய அந்த நிரலில் பெரிய மூளை வேலை எதுவும் இல்லை. டெல்நெட் திறந்திருக்கும் கேமரா, டிவிஆர், ரௌட்டர்களை இணையத்தில் தேடும். கிடைத்தால், கம்பெனிக்காரர்களே போட்டு அனுப்பிய 60 சொச்சம் பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகளில் சிலவற்றைத் தட்டிப் பார்க்கும். ரூட், அட்மின், 12345. அவ்வளவுதான். 'பாஸ்வேர்டை மாத்திட்டா போச்சு' என்பீர்கள். வயிற்றெரிச்சலே அங்கேதான். சில கருவிகளில் நாம் அமைப்புப் பக்கத்தில் மாற்றினாலும் டெல்நெட் பாஸ்வேர்டு மாறாது. அது ஃபர்ம்வேரிலேயே பதிந்து கிடந்தது. வீட்டுக்காரருக்கே தெரியாத கொல்லைவாசல். கருவியை அணைத்துப் போட்டால் மிராய் அழிந்துவிடும், சில நிமிடங்களில் திரும்பியும் வந்துவிடும். கேமரா பாட்டுக்குப் படம் காட்டிக்கொண்டிருக்கும்.

அந்த செப்டம்பரில் பாதுகாப்புச் செய்தியாளர் பிரையன் கிரெப்ஸின் தளத்தை நொடிக்குச் சுமார் 620 கிகாபிட் வெள்ளம் தாக்கியது. மாதக் கடைசியில் எழுதியவர்களே நிரலைப் பொதுவில் போட்டார்கள். அக்டோபர் 21 அன்று டைன் என்ற டிஎன்எஸ் நிறுவனம் அடிவாங்க, ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் அமெரிக்காவில் பலருக்குத் திறக்கவில்லை. ஏதோ வல்லரசின் வேலை என்றுகூடப் பேசினார்கள். 2017 டிசம்பரில் மிராயை எழுதியதாக ஒப்புக்கொண்டவர்கள் பராஸ் ஜா, ஜொசாயா ஒயிட், டால்டன் நார்மன் என்ற மூன்று இளைஞர்கள். ஆரம்பம் மைன்கிராஃப்ட் சர்வர் வியாபாரப் போட்டி! (டைனை அடித்தது இவர்கள் இல்லை, பொதுவில் கிடந்த நிரலை எடுத்த வேறு கை.)

எனக்கு அவர்களைவிட சியோங்மாய்தான் உறுத்துகிறது. பிற கம்பெனிகளின் கேமராக்களுக்கும் டிவிஆர்களுக்கும் உள்பாகங்கள் செய்துகொடுத்த சீன நிறுவனம் அது. டைன் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவில் விற்ற சில பொருட்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. ஆனால் பெட்டிமேல் அச்சாகியிருந்தது வேறு யார் யாரோ பெயர். வாங்கியவர் எதைப் பார்த்துத் தன்னுடையது என்று கண்டுபிடிப்பார்?

என் கேமராவிலும் பெட்டியில் ஒரு பெயர், ஆப்பில் இன்னொன்று. போர்ட் ஸ்கேன் ஓட்டினேன். 23 திறந்திருந்தது. போதாக்குறைக்கு, கேமரா கேட்டாலே வெளிவாசலைத் திறந்துவிடும் யுபிஎன்பியும் ரௌட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தி, கேமராவை கெஸ்ட் வைஃபைக்குத் தள்ளும்போது மணி இரண்டு.

"யார் வர்றாங்கன்னு பார்க்கத்தானே இதை வாங்குனே?" என்றாள் மனைவி, தூக்கக் கலக்கத்தில்.