நாலு கோடு இருந்தால் நோய் இல்லையோ?

டெங்கு காலத்தில் பிள்ளையின்ர இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை வாங்கி, வைத்தியரைக் காண முதலே ஐ.ஜி.எம்., ஐ.ஜி.ஜி. என்ற இரண்டு வரியையும் திருப்பித் திருப்பிப் பார்த்த தாய் தகப்பன்மார் எங்கட ஊர்களில் கனபேர். அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களிலும் பெற்றோர் இதே இரண்டு வரிகளோடுதான் மல்லுக்கட்டுகினம். அங்கே நோயின் பெயர் லைம். உண்ணி கடித்து வருகிற பக்டீரியா நோய். ஒரு வரியில் பொசிட்டிவ், அடுத்ததில் நெகட்டிவ், பிள்ளைக்கோ முழங்கால் வீங்கிக் கிடக்குது. இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க நாங்கள் 1975க்குப் போகவேண்டும்.

கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்றொரு சின்ன ஊர். அங்கிருந்த பொலி மரே ஓர் ஓவியர், நாலு பிள்ளைகளின் தாய். வீட்டில் ஆள் மாறி ஆள் மூட்டு வீக்கம், காய்ச்சல், தோலில் சிவப்பு வட்டம். வருடக்கணக்காக வைத்தியர்களிடம் அலைந்தவர். மனப் பிரச்சினை என்று கூட அவருக்குச் சொல்லியிருக்கினம். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் இதே வருத்தம் என்று கண்டதும் பெயர்ப் பட்டியல் எழுதத் தொடங்கினார். ஜூடித் மென்ஷ் என்ற இன்னொரு தாயும் தனியாக மாநிலச் சுகாதாரத் திணைக்களத்துக்கு அறிவித்தார். பிள்ளைகளுக்கு இருப்பது சிறுவர் மூட்டுவாதம் என்றுதான் அதுவரை சொல்லப்பட்டது. அது ஒரே தெருவில் இத்தனை பேருக்கு வருகிற வருத்தம் இல்லையே!

யேல் பல்கலைக்கழகத்தின் அலன் ஸ்ரியர் மரேயின் பட்டியலைப் பொறுமையாகக் கேட்டார். 1977இல் அவரது குழு வெளியிட்ட ஆய்வில் 51 நோயாளிகள். அவர்களில் 39 பேர் சிறுவர். அதாவது இந்த நோயை முதலில் கண்டுபிடித்தது ஆய்வுகூடம் இல்லை, தாய்மார். கிருமி பிறகுதான் வந்தது. 1981இல் நியூயோர்க்கின் ஷெல்ரர் தீவிலிருந்து வந்த மான் உண்ணிகளுக்குள் வில்லி பேர்க்டோபர் சுருள் வடிவப் பக்டீரியாவைக் கண்டார். அது இப்போது அவர் பெயரிலேயே இருக்கு. கசகசா விதையளவுக் குஞ்சு உண்ணி கடித்தால் பிள்ளைக்குத் தெரியவே தெரியாது.

கிருமி கிடைத்த பிறகாவது சிக்கல் தீர்ந்திருக்கவேண்டும். தீரவில்லை. இரத்தத்தில் இந்தக் கிருமியை நேரே பிடிப்பது கஷ்டம். அதனால் பரிசோதனை தேடுவது கிருமியை அல்ல, உடம்பு அதற்கு எதிராகச் செய்த பிறபொருளெதிரியை. அது உருவாகச் சில வாரம் எடுக்கும். உருவானால் நோய் மாறியும் வருடக்கணக்கில் நிற்கும். ஆகவே முதல் வாரத்து நெகட்டிவும் நோய் இல்லை என்று சொல்லாது, மூன்று வருடம் கழித்து வரும் பொசிட்டிவும் நோய் இப்போது இருக்கு என்று சொல்லாது.

1994இல் மிச்சிகனின் டியர்போர்ன் நகரில் ஒரு மாநாடு நடந்தது. ஆய்வுகூடங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவுகோல் வைத்திருந்த நிலையை மாற்றத்தான். அங்கே முடிவானது இது: முதலில் எலைசா. அது பொசிட்டிவ் அல்லது சந்தேகம் என்றால் வெஸ்ரேர்ன் புளொட். அதில் பிறபொருளெதிரிகள் கோடுகளாகத் தெரியும். ஐ.ஜி.ஜி.யில் குறித்த 10 கோடுகளில் 5 வேண்டும். ஐ.ஜி.எம்.மில் 3இல் 2, அதுவும் வருத்தம் தொடங்கி முதல் மாதத்துக்குள் மட்டும்தான் கணக்கு.

அப்ப, பிள்ளைக்கு 4 கோடு வந்தால்? தாளில் நெகட்டிவ். தகப்பனுக்கோ அது ‘கிட்டத்தட்ட பொசிட்டிவ்’. நாங்கள் அந்தத் தகப்பனைப் பிழை சொல்லமாட்டோம். ஆனால் கோடுகளைப் பரீட்சைப் புள்ளி மாதிரி எண்ணவும் முடியாது. 41 என்ற கோடு கிருமியின் வால் போன்ற இழையின் புரதத்துக்கானது. வேறு பக்டீரியாக்களிலும் அதையொத்த புரதம் இருப்பதால் லைம் இல்லாத பிள்ளைக்கும் அந்தக் கோடு விழும். நல்ல சுகதேகிகளிலும் ஒன்றிரண்டு கோடு சாதாரணம். ஐந்து என்ற எல்லை, இல்லாத நோயை இருக்கென்று சொல்லிவிடாமல் இருக்க மனிதர் கூடி வகுத்தது. எந்த எல்லையிலும் அங்காலயும் இங்காலயும் சிலர் மாட்டுப்படுவினம்.

அந்த இடைவெளியில் வியாபாரமும் நுழைந்தது. சொந்த அளவுகோலில் பொசிட்டிவ் சொல்லும் ஆய்வுகூடங்கள் வந்தன. மாதக்கணக்கில் நாளத்தால் அன்ரிபயோற்றிக் ஏற்றும் சிகிச்சைகளும் வந்தன. கட்டுப்பாட்டுடன் செய்த ஆய்வுகளில் அப்படி நீட்டிய சிகிச்சைக்கு நிலைத்த பலன் தெரியவில்லை. அதனால் பாரதூரமான தொற்றுக்கு ஆளானவர்களைப் பற்றி 2017இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையமே அறிக்கை வெளியிட்டது. தாய்மாரின் பேச்சை வைத்தியர்கள் முதலிலேயே காதில் போட்டிருந்தால் இந்தக் கடைகளுக்கு இவ்வளவு ஆட்கள் போயிருக்கமாட்டினம் என்பது எங்கட எண்ணம்.

விசித்திரம் என்னவென்றால், லைம் இருக்கிற பகுதியில் அந்தச் சிவப்பு வட்டம் தெளிவாகத் தெரிந்தால் பரிசோதனையே வேண்டாம், உடனே மருந்து தொடங்கலாம் என்றுதான் இன்றைய வழிகாட்டல். வட்டம் காணாத பிள்ளைக்குத்தான் தாள் தேவைப்படுது. அந்தத் தாளை வாசிக்க வைத்தியர் கேட்கவேண்டிய கேள்விகள் மரே பட்டியலில் எழுதியவைதான்: வருத்தம் எந்த மாதம் தொடங்கினது, பிள்ளை எங்கே விளையாடினது, எந்த மூட்டு முதலில் வீங்கினது.

2019இல் வெஸ்ரேர்ன் புளொட்டுக்குப் பதிலாக இரண்டாவது எலைசாவைப் பயன்படுத்தும் முறைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கோடு எண்ணும் வேலை அதில் இல்லை. ஆனால் அதுவும் தேடுவது பிறபொருளெதிரியைத்தான். பொலி மரே காலமானதும் அதே ஆண்டில்.