நெற்கட்டும்செவலின் மறுப்பு

புளியங்குடிக்கு வடக்கே வாசுதேவநல்லூர்க் கோட்டை 1761இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் தளபதி யூசுப் கானிடம் விழுந்த கதை இந்த வாரம் வர வேண்டும். அதற்கு முன் ஒரு கேள்வி. நெற்கட்டும்செவல் பாளையக்காரர் பூலித்தேவர் நவாபுக்குக் கப்பம் கட்ட மறுத்தது வெறும் வீம்பா, அரசுரிமை பற்றிய கொள்கையா? ஆசியாவில் குடிகொண்டிருப்பது அடிமைப் புத்திதான், சுதந்திர உணர்ச்சி அங்கே தலைகாட்டியதே இல்லை என்று 1748இல் எழுதினார் பிரெஞ்சு மேதை மான்டெஸ்கியூ. அதிகாரம் ஒரே கையில் குவியக் கூடாது என்று உலகுக்குச் சொன்னவர்; அதற்காக என் மதிப்பு அவருக்கு என்றும் உண்டு. ஆனால் இந்தத் தீர்ப்பு பிழை. ஏழே ஆண்டுகளில், நெற்கட்டும்செவல் இருக்கும் சங்கரன்கோவில் சீமை அதைப் பொய்யாக்கியது.

1755இல் ஆற்காடு நவாப் முகமது அலிக்காக வரி வசூலிக்க, கம்பெனியின் கர்னல் ஹெரான் நவாபின் அண்ணன் மாபூஸ் கானோடு தெற்கே வந்தார். நெற்கட்டும்செவல் மதிலை உடைக்கப் பெரிய பீரங்கி இல்லை. இருபதாயிரம் ரூபாய் தந்தால் போய்விடுகிறேன் என்று பேரம் பேசினார். அதுவும் நடக்காமல் திரும்பினார். இந்த ஹெரான் வரும் வழியில் மதுரைக்கருகே கோயில்குடிக் கோயிலின் சிலைகளை வாரிச் சென்றவர். திரும்பும்போது நத்தம் கணவாயில் பாரவண்டி ஒன்று சேற்றில் புதைந்தது. பின்னால் வந்த வண்டிகள் நின்றன. இரு புறக் காட்டிலிருந்தும் நீண்ட வேல்களோடு கள்ளர்கள் பாய்ந்தார்கள். மூட்டைகளுக்குள் தங்கள் தெய்வங்களைக் கண்டதும் ‘சாமி, சாமி’ என்று கூவினார்கள் என்கிறார் கம்பெனியின் வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம். ஹெரானைச் சென்னையில் ராணுவ நீதிமன்றம் விசாரித்து வேலையிலிருந்து நீக்கியது. ஒழுக்கம் கெட்ட ஒரு கூட்டம் தன்னை அரசு என்று சொல்லிக்கொண்டு வந்தது. அதற்கு ஏன் பணிய வேண்டும்?

பாளையம் என்பது மதுரை நாயக்கர்கள் வகுத்த உடன்பாடு. காவலும் படையும் பாளையக்காரர் பொறுப்பு, பதிலுக்கு நிலமும் வருவாயும். ராணி மீனாட்சியோடு நாயக்கர் ஆட்சி முடிந்தபின், வாள்பலத்தைத் தவிர நவாபுக்கு இங்கே என்ன பாத்தியதை? ஆளப்படுவோர் சம்மதமின்றி ஆட்சிக்கு உரிமையில்லை என்ற ஜான் லாக்கின் வாதமும் இதுவே. பாளையக்காரரும் குடிகளைக் கேட்டா காவல்வரி வாங்கினார், இது ஒரு தலைவனின் சுதந்திரம்தானே என்பார்கள். உண்மைதான். ஆனால் 1215இன் மாக்னா கார்ட்டாவும் பிரபுக்கள் தமக்காக வாங்கியதே. லாக்கோ, அடிமை வணிகம் செய்த ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியின் பங்குதாரர். அவர்களைச் சுதந்திரத்தின் முன்னோடிகள் என்று கொண்டாடிவிட்டு நெற்கட்டும்செவலுக்கு மட்டும் வேறு தராசு தூக்குவது அநியாயம். இதை மதப் போர் என்போருக்கும் பதில் உண்டு. 1756 மார்ச்சில் திருநெல்வேலிக்கருகே பூலித்தேவர் பக்கம் நின்று போரிட்டு மடிந்தவர் முடேமியா என்ற பட்டாணியத் தலைவர். பின்னாளில் மாபூஸ் கானே பூலித்தேவரோடு சேர்ந்துகொண்டார். எதிரே நின்ற யூசுப் கான் பனையூரில் இந்துவாகப் பிறந்தவர். அவரை வில்லன் என்று நான் எழுத மாட்டேன். பூலித்தேவரை வீழ்த்திய அவரே பின்னர் நவாபுக்குப் பணிய மறுத்து, 1764 அக்டோபர் 15இல் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். வாசுதேவநல்லூர் முற்றுகை அடுத்த வாரம்.