வெள்ளைக் குதிரையில் வராதவள்

அக்காள் பேத்தி சென்ற கோடை விடுமுறைக்கு எங்கள் வீட்டில் வந்து தங்கியபோது மூன்று ஆங்கில நாவல்களை விட்டுவிட்டுப் போனாள். ஹாலி பிளாக் என்ற அமெரிக்கப் பெண்மணி எழுதியவை. தலைப்புகளைத் தமிழில் சொன்னால் கொடூர இளவரசன், பொல்லாத ராஜா, சூன்யத்தின் ராணி. முதலாவது 2018 தொடக்கத்திலும் மற்ற இரண்டும் 2019-இலும் வந்தவை. பதினாறு பதினேழு வயதுக்காரர்களுக்கென்று எழுதப்படும் ரகம். 'ஃபேரி'களின் அரண்மனைகளில் நடக்கும் காதலும் சதியும். "இதெல்லாம் ஒரு படிப்பா?" என்று அவளிடம் கேட்டிருந்தேன். "படிச்சிட்டுச் சொல்லுங்க தாத்தா" என்றாள். படித்துவிட்டேன். அவளிடம் சொல்வதைக் காட்டிலும், யேட்ஸைப் பற்றி என்னோடு மணிக்கணக்கில் பேசியிருக்கும் நண்பர்களிடம் சொல்ல வேண்டியதுதான் அதிகம் என்று படுகிறது.

முதலில் சொல் விவகாரம். 'ஃபேரி' என்பதைத் தேவதை என்றே மொழிபெயர்த்துப் பழகிவிட்டோம். சொன்ன மாத்திரத்தில் சிறகும் மந்திரக்கோலும் வந்து நின்றுவிடுகின்றன. மோகினி, யட்சி என்று மாற்றிப் போட்டாலும் சரிவராது. அவை வேறு மண்ணில், வேறு பயங்களில் வளர்ந்தவை. அயர்லாந்துக் கிராமத்தில் அந்தப் பெயரையே வாய்விட்டுச் சொல்லத் தயங்கினார்கள். 'நல்ல ஜனங்கள்' என்றார்கள். கெடுதல் செய்யக்கூடியவர்களை நல்லவர்கள் என்று அழைத்துச் சமாதானப்படுத்துகிற வழக்கம். பிளாக்கின் தொடருக்குப் பொதுப்பெயர் 'காற்றின் ஜனங்கள்'. நானும் ஜனங்கள் என்றே வைத்துக்கொள்கிறேன்.

இந்த ஜனங்களைப் பற்றி ஸ்காட்லாந்தில் அபர்ஃபாயில் என்ற ஊரின் பாதிரியார் ராபர்ட் கிர்க் 1691-92-இல் ஒரு நூல் எழுதினார். அவர் கணக்கில் அவர்கள் மனிதருக்கும் தேவதூதருக்கும் இடைப்பட்டவர்கள். மண்ணுக்கடியில் குடியிருப்பவர்கள். தம் குழந்தைகளுக்குப் பால் கொடுக்க மனிதத் தாய்மார்களைத் தூக்கிச் செல்பவர்கள். எடுத்த இடத்தில் ஒரு பொய்யுருவத்தை வைத்துவிட்டுப் போவார்கள். கிர்க் 1692-இல் இறந்தபோது, அவர் சாகவில்லை, எடுத்துக்கொள்ளப்பட்டார் என்றே ஊரில் பேச்சு. நூல் அச்சேறியது 1815-இல்தான்.

அந்தப் பொய்யுருவம் என்கிற கருத்தை நான் வெகுகாலம் ஒரு கவித்துவமான கற்பனையாகவே பார்த்து வந்தேன். பிள்ளையை இழந்தவளுக்கு அது ஆறுதல் தரும். புதைத்தது வெறும் கட்டையை, பிள்ளை எங்கோ இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளலாம். ஆனால் சாகாமல் கிடக்கிற பிள்ளைக்கு அது என்ன தரும்? 1826-இல் கெர்ரி மாவட்டத்தில் மைக்கேல் லேஹி என்று ஒரு பையன். நிற்கவும் நடக்கவும் பேசவும் வராதவன். ஆன் ரோச் என்கிற கிழவி அவனிடமிருந்து 'அதை' விரட்டுவதற்காக ஃப்ளெஸ்க் நதியில் மூன்று நாள் காலையில் முழுக்காட்டினாள். மூன்றாம் நாள் பையன் செத்துப்போனான். கிழவி குற்றவாளி அல்ல என்று ட்ரலீயில் ஜூரிகள் தீர்ப்புச் சொன்னார்கள். அவள் நோக்கம் கொலை அல்ல என்பது உண்மையாகவே இருக்கலாம். அந்த வீட்டில் இருந்தது பிள்ளை அல்ல என்று ஏற்கெனவே எல்லோரும் முடிவு செய்திருந்தார்கள்.

அடுத்தது பெண். 1895 மார்ச். டிப்பரரி மாவட்டத்தில் பாலிவாட்லி. பிரிஜெட் க்ளியரிக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல். புருஷன் மைக்கேல் பீப்பாய் செய்கிறவன். அவள் தையல்காரி. சொந்தத்தில் சிங்கர் மிஷின் வைத்திருந்தாள், கோழி வளர்த்து முட்டை விற்றாள், நன்றாக உடுத்தினாள், பிள்ளை இல்லை. ஏஞ்ஜலா பர்க் 1999-இல் எழுதிய புத்தகம் இந்த விவரங்களைப் பொறுமையாக அடுக்கிக் காட்டுகிறது. தன் சம்பாத்தியத்தில் நிமிர்ந்து நடந்த ஒருத்தியின் மேல் ஊருக்கு என்னென்ன மனத்தாங்கல் இருந்திருக்கும் என்பது அதைப் படிக்கும்போது புரிகிறது.

அவளுக்குக் காய்ச்சல் வந்தது. டாக்டர் வந்தார், பாதிரியாரும் வந்தார். இது என் மனைவி அல்ல என்று மைக்கேல் சொல்லத் தொடங்கியிருந்தான். 14-ஆம் தேதி இரவு, அவளுடைய அப்பா, அத்தை, அத்தை பிள்ளைகள் எல்லோரும் இருக்கிற வீட்டில், அவளைக் கட்டிலோடு அழுத்திப் பிடித்துக் கஷாயம் புகட்டினார்கள். அடுப்புத் தீயின் மேல் பிடித்தார்கள். கடவுளின் பெயரால் நீ பிரிஜெட்தானா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். மறுநாள் இரவு மூன்று துண்டு ரொட்டியும் ஜாமும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் தன் பெயரைச் சொல்ல வேண்டும். இரண்டைத் தின்றாள். மூன்றாவதில் தாமதித்தாள். தரையில் தள்ளி, விளக்கெண்ணெயைக் கொட்டி எரித்தான். விளக்குக்கு ஊற்றுகிற மண்ணெண்ணெயைச் சொல்கிறேன். அதன் பிறகு பக்கத்திலிருந்த பழைய மண்கோட்டைக்குப் போய் ராத்திரிகளில் காத்திருந்தான். உண்மையான பிரிஜெட் வெள்ளைக் குதிரையில் வருவாள், கட்டை அறுத்து அவளை இறக்கிக்கொள்ளலாம் என்று. 22-ஆம் தேதி போலீசார் உடலைத் தோண்டி எடுத்தார்கள். இருபது வருஷத் தண்டனை. 1910-இல் வெளியே வந்துவிட்டான்.

அந்த வெள்ளைக் குதிரை அவன் கற்பனையல்ல. டாம் லின் என்ற ஸ்காட்டிஷ் கதைப்பாடலில் வரும் குதிரை அது. 1549-லேயே அந்தக் கதையைப் பற்றிக் குறிப்பு இருக்கிறது. ஜனங்களின் ராணி பிடித்து வைத்திருக்கும் மனிதன் டாம் லின். ஏழு வருஷத்துக்கு ஒருமுறை அவர்கள் நரகத்துக்குக் கட்டும் கப்பத்துக்கு இந்த முறை அவனைக் கொடுத்துவிடுவார்கள் என்று பயம். அவனால் கர்ப்பமான ஜேனட், நள்ளிரவில் நாற்சந்தியில் நின்று, வெள்ளைக் குதிரையில் வருபவனை இழுத்துத் தள்ளிக் கட்டிப்பிடிக்கிறாள். அவன் பாம்பாகிறான், மிருகமாகிறான், காய்ந்த இரும்பாகிறான். அவள் விடவில்லை. கடைசியில் மனிதனாகவே கைக்குள் இருக்கிறான்.

கதை ஒன்றுதான். ஜேனட் சொல்வது: உன் உருவம் எப்படி மாறினாலும் நீ நீதான். மைக்கேல் சொன்னது: உன் உருவம் மாறவே இல்லை, ஆனாலும் நீ நீ இல்லை. அந்த நம்பிக்கையை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்டால் இந்த வித்தியாசம் தெரியாமல் போய்விடும். 1895-இல் லண்டன் பத்திரிகைகள் அப்படித்தான் தள்ளின. தன்னாட்சி கேட்கிற ஐரிஷ்காரனின் லட்சணம் இதுதான் என்பதற்கு இந்தக் கொலை அவர்களுக்கு வசதியாக அமைந்தது.

இங்கேதான் யேட்ஸ் வருகிறார். 1894 மார்ச்சில், பாலிவாட்லிக்குச் சரியாக ஒரு வருஷம் முன்பு, லண்டன் அவென்யூ தியேட்டரில் அவருடைய 'இதயத்தின் ஆசை நிலம்' நாடகம் மேடையேறியது. ஸ்லைகோ மாவட்டத்தில் ஒரு வீடு, புது மருமகள், மே மாதத்துக்கு முந்தின ராத்திரி. வேலையை விட்டுவிட்டு அவள் பழைய புத்தகம் ஒன்றைப் படித்துக்கொண்டிருக்கிறாள்; மாமியார் திட்டுகிறாள். இந்தச் சலித்த வீட்டிலிருந்து என்னைக் கொண்டுபோங்கள் என்று அவள் அந்த ஜனங்களைக் கூப்பிடுகிறாள். ஒரு குழந்தை வடிவில் வருகிறார்கள். அவள் புருஷன் கையிலேயே உயிர் போகிறது. அப்போது மாமியார் மகனிடம் சொல்கிறாள்: நீ பிடித்திருப்பது அவளை அல்ல, அவள் மாதிரி இருக்கிற ஒன்றை.

இந்த நாடகத்தைப் பற்றி நாற்பது வருஷங்களுக்கு முன்னால் பத்துப் பேர் கூடிய ஒரு கூட்டத்தில் நான் ஒரு மணி நேரம் பேசினேன். அந்தக் கடைசிக் கட்டம் யதார்த்தத்தைத் தாண்டி நிற்கிற கவிதை என்றேன். எல்லோரும் ஆமோதித்தார்கள். மருமகள் ஏன் கூப்பிட்டாள் என்று நானும் கேட்கவில்லை, மற்றவர்களும் கேட்கவில்லை. மாமியாரின் வாக்கியத்தை ஒரு வருஷம் கழித்து ஒருவன் அடுப்பங்கரையில் நின்று சொன்னான் என்பது எனக்குத் தெரியாது. யேட்ஸைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் கிராமத்து வாயிலிருந்து கேட்டதை மேடைக்குக் கொண்டுபோனார்; மைக்கேலும் அதே வாயிலிருந்துதான் கேட்டிருந்தான். அழகாகச் சொல்லப்பட்டதாலேயே நான் அதை விசாரிக்காமல் விட்டேன் என்பதுதான் என் மனதில் உறுத்துகிறது.

அதன் பிறகு நடந்தது சுருக்கமான கதை. 1904-இல் பீட்டர் பான் நாடகத்தில் ஒளிப்பொட்டாக ஒருத்தி பறந்தாள். 1917-இல் காட்டிங்லியில் இரண்டு பெண்கள் அட்டையில் வெட்டிய உருவங்களை நிறுத்திப் புகைப்படம் எடுத்தார்கள். கானன் டாயில் அதை நம்பிப் புத்தகமே எழுதினார். அவர்கள் உண்மையை ஒப்புக்கொண்டது 1983-இல். ஜனங்கள் சிறகு முளைத்துக் குழந்தைகளின் அறைக்குள் போனார்கள். நமக்கு மொழிபெயர்ப்பில் வந்து சேர்ந்த தேவதை இந்தச் சரக்குதான்.

ஹாலி பிளாக்கின் இடம் இதற்கு அப்புறம். அவர் 2002-இல் எழுதிய முதல் நாவலின் தலைப்பே டாம் லின் கதையின் அந்தக் கப்பம்தான். அதில் நாயகியே மாற்றி வைக்கப்பட்ட பிள்ளை. ஆற்றில் முழுக்காட்டப்பட்ட பையனின் பக்கத்திலிருந்து கதை பார்க்கப்படுகிறது. நான் படித்த மூன்று நாவல்களும் இன்னும் தீர்மானமானவை. ஈவா என்ற மனுஷி, மடாக் என்கிற ஜனங்களின் தளபதிக்கு மனைவியாக இருந்தவள், அங்கிருந்து ஓடிவந்துவிடுகிறாள். எரிந்த வீட்டின் சாம்பலில் ஒரு பெண்ணின் எலும்புகளையும் சிசுவின் எலும்புகளையும் விட்டு, தான் செத்ததாக நம்பவைத்துவிட்டு. பல வருஷங்கள் கழித்து மடாக் வருகிறான், அவளையும் அவள் புது புருஷனையும் பெண்களின் கண்ணெதிரே கொல்கிறான், மூன்று பெண்களையும் எடுத்துப்போய் வளர்க்கிறான்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எரிந்த உடல், பொய்யுருவம், எடுத்துப்போகப்பட்ட மனைவி எல்லாம் இருக்கின்றன. வரிசை மட்டும் புரண்டிருக்கிறது. இங்கே பொய்யுருவத்தை வைத்துவிட்டுப் போகிறவள் பெண். தப்பிப்பதற்காக. புருஷன் கையில் இருந்த கதையை அவள் எடுத்துத் தனக்கு உபயோகப்படுத்திக்கொள்கிறாள், ஆனாலும் தப்பவில்லை. பிளாக் பாலிவாட்லியை மனதில் வைத்து எழுதினாரா என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை. பழங்கதையின் எலும்புகளைத் தெரிந்தவர் என்பது தெரிகிறது.

ஈவாவின் மகள் ஜூட்தான் கதையைச் சொல்கிறாள், தன்மையில், நிகழ்காலத்தில். அந்த ஜனங்களால் பொய் சொல்ல முடியாது, அவளால் முடியும். அதுவே அவளுடைய ஆயுதம். தாமஸ் என்கிற பழைய கதைப்பாடலில் ராணி மனிதனுக்குப் பொய் பேசாத நாக்கைப் பரிசளிக்கிறாள், அவன் இதை வைத்துக்கொண்டு சந்தையில் எப்படிப் பிழைப்பது என்று முனகுகிறான். ஜூட் அந்த முனகலின் நியாயத்தை உணர்ந்தவள். சாப்பாட்டில் உப்புப் போட்டுக்கொள்கிறாள், மயக்கத்துக்கு ஆளாகாமலிருக்க. விஷத்தைச் சிறிது சிறிதாகத் தின்று பழகுகிறாள். ரொட்டித் துண்டுகளின் ஞாபகம் வராமல் இந்தப் பக்கங்களைப் படிக்க என்னால் முடியவில்லை. அப்பாவைக் கொன்றவனை அவள் அப்பா என்று நேசிப்பதும் வெறுப்பதும் ஒரே மூச்சில் நடக்கிற பகுதிகள் இந்தத் தொடரின் உண்மையான சாதனை.

குறைகள் இல்லாமல் இல்லை. பள்ளிக்கூடத்தில் தன்னைச் சித்திரவதை செய்யும் இளவரசன் கார்டன் மீதே அவளுக்குக் காதல். அவனையும் அண்ணன் கொடுமைப்படுத்தினான் என்று ஒரு காரணம் தரப்படுகிறது, காரணம் போதவில்லை. இந்த ரகத்து வாசகருக்குத் தர வேண்டிய பாக்கியைத் தந்தாக வேண்டிய நிர்ப்பந்தம் அங்கே தெரிகிறது. 2015-இல் தொடங்கிய சாரா மாஸின் தொடரில் இது இன்னும் அப்பட்டம்: பெண்ணை எடுத்துப்போகிறவனுக்கு டாம்லின் என்றே பெயர் வைத்து, கடத்தலையே காதலுக்கு முன்னுரையாக்குகிறார். நம் விமர்சகர்கள் இவற்றை வியாபாரம் என்று சொன்னால் மறுக்கமாட்டேன். ஆனால் வியாபாரத்துக்கு உள்ளேயும் ஒரு விஷயம் நடந்திருக்கிறது.

மூன்றாம் நாவலில் கார்டன் சாபத்தால் ராட்சதப் பாம்பாகிவிடுகிறான். ஜூட்டின் கையில் ஒரு கடிவாளம் கொடுக்கப்படுகிறது. போட்டால் பாம்பு என்றைக்கும் அவள் சொல்படி நடக்கும். ஜேனட் பாம்பைக் கட்டிப்பிடித்தாள்; இவள் கடிவாளத்தைப் போட மறுக்கிறாள். அடிமையாக வைத்துக்கொள்வதை விட அவனை இழப்பது மேல் என்று வெட்டுகிறாள். அவன் உள்ளேயிருந்து தன் பழைய உருவில் வருவது எதிர்பார்த்ததுதான். ஆனால் வெட்டுகிற கணத்தில் அது அவளுக்குத் தெரியாது.

பேத்திக்குப் போன் செய்து படித்துவிட்டேன் என்றேன். "எப்படி இருந்தது தாத்தா?" என்றாள். யேட்ஸின் நாடகத்தில் புத்தகம் படிக்கும் மருமகளைத் திட்டுகிற மாமியாரின் வேலையை நான் செய்துவிட்டேன் என்று சொன்னேன். அவளுக்கு விளங்கவில்லை, விளக்கினேன். பாலிவாட்லியையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டு, "அந்தம்மா என்ன பதில் சொன்னாங்க? அவங்க கேட்டதுக்கு?" என்று கேட்டாள்.

பதில் சொல்லியிருக்கிறாள். நான் பிரிஜெட்தான், பாட்ரிக் போலண்டின் மகள்தான் என்று 14-ஆம் தேதி இரவு அவள் சொன்னதாக அறையில் இருந்தவர்கள் பிற்பாடு சாட்சி சொன்னார்கள். ஒரு முறை அல்ல.