வடகரை ஓடம்

ஸ்கொத்லாந்தின் வடகரைக்கும் ஓக்னித் தீவுகளுக்கும் இடையே பெந்லாந்து நீரிணை சீறிப் பாய்கின்றது. 1472இல் அத்தீவுகள் ஸ்கொத்லாந்து முடியின்கீழ் வந்தபின் இக்கடவையில் ஓடம் இன்றியமையாததாயிற்று. 1496இல் நான்காம் ஜேம்ஸ் மன்னனின் அனுமதியுடன் ஓடம் விட்டவர் யான் டி குறூற் என்னும் ஒல்லாந்தர் என்பர். ஜோன் ஓ குறோட்ஸ் என அவர் பெயர் ஊர்ப்பெயராய் நிலைத்துவிட்டது.

ஆயின், அரசின் அனுமதி பெற்ற ஒருவரின் பெயருடன் அக்கரையின் வரலாறு முடிந்துவிடுவதன்று. மேற்கே ஸ்ட்ரத்நேவர்ப் பள்ளத்தாக்கில், 1814இல் ஆட்டுப்பண்ணைக்காகக் குடியானவர்கள் விரட்டப்பட்டனர். அவர்தம் குடிசைகள் எரிக்கப்பட்டன. அதனை முன்னின்று நடத்திய பற்றிக் செலர் 1816இல் நீதிமன்றில் நிறுத்தப்பட்டும் விடுதலையானார். ஏரும் மாடும் அறிந்த அம்மக்கள் பாறைக்கரையில் குடியமர்த்தப்பட்டு, கடலை நம்பிப் பிழைக்குமாறு விடப்பட்டனர்.

நூறாண்டின் பின்னரும் பிறர் தேவைக்கே அக்கரை பயன்பட்டது. முதலாம் உலகப் போரில் ஸ்காபா புளோ பிரித்தானியக் கடற்படைத் தளமாயிற்று. 1917 முதல் கடற்படையினர் லண்டனிலிருந்து 717 மைல் புகையிரதத்தில் தேர்சோவை அடைந்து, அங்கிருந்து கப்பலேறினர். அவர்களுட் பலர் திரும்பவில்லை.

துறையின் பெயரைக் கற்பிக்கும் நாம், நிலத்தை இழந்தோரையும் போருக்கு அனுப்பப்பட்டோரையும் சேர்த்தே கற்பித்தல் வேண்டும். அவர்களை விலக்கிய வரலாறு அரசர்களின் கணக்கேடாகவே எஞ்சும்.