கையில் எக்ஸிமா, கணக்கில் இல்லை: பெர்கேசோ தரவு ஏன் முழுக்கதை சொல்லாது?

நீங்களோ உங்கள் வீட்டில் யாராவதோ மாக் மண்டின் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறீர்களா? அப்படியென்றால் இந்தக் காட்சி பழக்கமானதாக இருக்கும். இயந்திர எண்ணெய், கரைப்பான், நாள் முழுக்க ஈரமாக இருக்கும் கையுறை. சில மாதங்களில் விரல் இடுக்கில் சிவப்பு, அரிப்பு, வெடிப்பு. ஃபார்மசியில ஒரு கிரீம் வாங்கிப் போட்டுட்டு மறுநாள் ஷிப்டுக்குப் போயிடுவாங்க.

அந்தக் கிரீம் எந்தப் பதிவிலும் வராது. பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

தைவானில் 1995 முதல் தேசிய மருத்துவக் காப்புறுதி இருக்கிறது. கிட்டத்தட்ட எல்லா மக்களும் அதில் அடக்கம். அந்த கிளேம் தரவை வைத்து சொரியாசிஸ், எக்ஸிமா பற்றி ஏராளமான ஆய்வுகள் வந்துள்ளன. மலேசியாவில் அப்படி ஒரு திட்டம் இல்லை. அரசாங்க கிளினிக்கில் நாம் கட்டுவது 1 ரிங்கிட். மீதியை வரிப்பணம் பார்த்துக்கொள்கிறது. நல்ல விஷயம்தான், ஆனால் கிளேம் என்ற ஒன்றே உருவாவதில்லை.

வேலையால் வரும் தோல் நோய்க்கு நம்மிடம் இருக்கும் பொதுக் காப்புறுதித் தரவு பெர்கேசோவுடையது. 1969-ஆம் ஆண்டு தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் தொழில்சார் நோய்ப் பட்டியலில் தோல் நோயும் உண்டு. ஆனால் தற்காலிக இயலாமைக்கான உதவித்தொகை கிடைக்க, குறைந்தது 4 நாள் எம்.சி. வேண்டும். கை அரிப்புக்கு யார் 4 நாள் எம்.சி. கொடுப்பார்கள்? கால் முறிந்தவர் கணக்கில் ஏறுகிறார். கை வெடித்தவர் ஏறுவதில்லை. வெளிநாட்டுத் தொழிலாளர்கள் பெர்கேசோவுக்குள் வந்ததே 2019 ஜனவரியில்தான். அதனால் அந்த ஆண்டுக்கு முன்னும் பின்னும் உள்ள எண்களை அப்படியே ஒப்பிட முடியாது.

சரி, கிளேம் போட்டாச்சுன்னே வைங்க. அதில் இருப்பது ஒரு நோய்க் குறியீடு. ஐசிடி-10 முறையில் எல்23 என்றால் ஒவ்வாமையால் வந்த தோல் அழற்சி. எல்24 என்றால் எரிச்சலூட்டும் பொருளால் வந்தது. இரண்டையும் பிரித்துச் சொல்ல பேட்ச் டெஸ்ட் தேவை. முதுகில் ஒட்டி 48 மணி நேரம் வைத்திருந்து, பிறகு இன்னொரு நாளும் வந்து பார்க்க வேண்டும். அதைச் செய்யாவிட்டால் காரணம் தெரியாதது என்று எல்25 போடுவதே வழி. எவ்வளவு தீவிரம், எந்த ரசாயனம், எந்த நிறத் தோலில் எப்படித் தெரிந்தது என்பதெல்லாம் குறியீட்டில் கிடையாது. நம் கருத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது, பழுப்பாகவோ ஊதாவாகவோதான் தெரியும். அதைத் தவறவிட்டால் குறியீடும் தவறுகிறது.

இன்னொன்று: 2004-ஆம் ஆண்டு விதிமுறைப்படி, தொழில்சார் நோயைக் கண்டறியும் மருத்துவர் 7 நாளுக்குள் ஜேகேகேபி-க்கு அறிவிக்க வேண்டும். அந்தப் புள்ளிவிவரத்தில் அதிகம் இருப்பது இரைச்சலால் வரும் காது பாதிப்பு. சத்தமான இடங்களில் வேலை செய்வோருக்குக் காதுப் பரிசோதனை கட்டாயம், தேடுகிறார்கள், கிடைக்கிறது. தோலுக்கு அப்படி யாரும் தேடுவதில்லை என்பது என் கணிப்பு.

2007-இல் தொடங்கிய மலேசிய சொரியாசிஸ் பதிவேட்டில் நோயின் தீவிரத்தையும் மருத்துவர்கள் பதிகிறார்கள். கை எக்ஸிமாவுக்கும் அதே போல ஒன்று இருந்தால் படம் மாறும்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது: டாக்டரிடம் "அரிக்குது" என்பதோடு நிறுத்தாதீர்கள். என்ன வேலை, எதைத் தொடுகிறீர்கள், லீவு நாளில் குறைகிறதா என்று சொல்லுங்கள். ரசாயன டின்னின் லேபிளை ஃபோனில் படம் எடுத்துக் காட்டுங்கள்.