எத்தனை மலை, எத்தனை காடு?

ஆடி அமாவாசைத் திருவிழாவுக்காகச் சென்னையிலிருந்து ஏரலுக்கு வந்திருந்த அக்காள் மகன், ஒரு மாலை வீட்டுத் திண்ணையில் சீட்டுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு நெடுநேரம் யோசனையில் இருந்தான். என்னவென்று கேட்டேன். "மாமா, இதுல எத்தனை மலை வைக்கணும், எத்தனை காடு வைக்கணும்னு தெரியல. மூணு நிலம் வச்சு ஆடிப் பாத்தேன், வேணுங்கிறது கைக்கு வரமாட்டேங்குது" என்றான். ஆண்டுதோறும் கரும்பலகையில் ஐந்து கட்டம் வரைந்து முதல், கரு, உரி என்று நிரப்பிப் பாடம் நடத்தும் ஒருவனை இந்தக் கேள்வி உட்கார வைத்துவிட்டது. அவன் ஊருக்குத் திரும்பிய பின்னும் அந்த ஆட்டத்தின் வரலாற்றைத் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். அதன் விளைவே இக்கட்டுரை.

ஆட்டத்தின் பெயர் 'மேஜிக்: தி கேதரிங்'. கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற அமெரிக்கரான ரிச்சர்ட் கார்ஃபீல்டு உருவாக்கியது. விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் 1993 ஆகஸ்டில் வெளியிட்டது. ரம்மிச் சீட்டைப் போல எல்லோருக்கும் ஒரே கட்டு அன்று. ஆயிரக்கணக்கான சீட்டுகளிலிருந்து ஒவ்வொருவரும் தமக்கென அறுபது சீட்டுகளையாவது தேர்ந்து கட்டு அமைத்துக்கொள்ள வேண்டும். சீட்டுகளில் மந்திரங்களும் உயிரினங்களும் உண்டு. அவற்றை இறக்குவதற்கு ஆற்றல் வேண்டும். அந்த ஆற்றலுக்குப் பசிபிக் தீவு மொழிகளிலிருந்து எடுத்த 'மானா' என்ற பெயரை வைத்திருக்கிறார்கள். மானாவைத் தருவது நிலம்.

அடிப்படை நிலங்கள் ஐந்து. சமவெளி வெண்மை தரும். தீவு நீலம் தரும். சதுப்பு கருமை தரும். மலை செம்மை தரும். காடு பசுமை தரும். ஐந்து நிலம் என்றதும் நமக்குக் குறிஞ்சியும் முல்லையும் மருதமும் நெய்தலும் பாலையும் நினைவுக்கு வருவது இயல்பே. ஆனால் கார்ஃபீல்டு நம் பொருளதிகாரத்தைப் படித்துவிட்டு ஆட்டம் அமைக்கவில்லை. ஒப்புமை கண்ட இடமெல்லாம் உரிமை கொண்டாடுவது நம்மவர்க்குப் பழகிப்போன பிழை. மலையும் காடும் பொருந்துகின்றன. சமவெளியை மருதமென்றும் தீவை நெய்தலென்றும் ஓரளவு கொள்ளலாம். சதுப்புக்கு நம்மிடம் திணையில்லை, பாலைக்கு அவர்களிடம் நிலமில்லை. ஒப்பிட வேண்டியது பெயர்களை அன்று. நிலங்கள் கலக்கும்போது என்ன நேர்கிறது என்பதில் இரு மரபும் கொண்ட கருத்தையே ஒப்பிட வேண்டும்.

ஒரு முறைக்கு ஒரு நிலச் சீட்டைத்தான் களத்தில் வைக்கலாம். அறுபதில் ஏறத்தாழ இருபத்து நான்கு நிலமாக இருக்க வேண்டும் என்பது ஆட்டக்காரர்களின் பொதுக் கணக்கு. ஒரே நிறத்தில் ஆடுபவர்க்குச் சிக்கலில்லை. முதலில் கைக்கு வரும் ஏழு சீட்டுகளில் அந்த நிலம் ஒன்றுகூட இல்லாமற்போகும் வாய்ப்பு நூற்றுக்கு 2 மட்டுமே. இரு நிறமென்று பன்னிரண்டு பன்னிரண்டாகப் பிரித்தால், குறிப்பிட்ட ஒரு நிறம் கைக்கு வராமற்போகும் வாய்ப்பு 19 ஆகிறது. மூன்று நிறமென்று எட்டெட்டாகப் பிரித்தால் 35. மருமகன் செய்திருந்தது இதைத்தான். மலை எட்டு, காடு எட்டு, சமவெளி எட்டு. பங்காளிச் சொத்தைப் பிரிப்பது போலச் சமமாகப் பிரித்தால் நியாயமாக இருக்குமென்று நினைத்துவிட்டான். கையில் நல்ல சீட்டுகள் இருந்தும் அவற்றை இறக்க நிலம் இல்லாமல் தோற்றுக்கொண்டிருந்தான்.

பல நிறம் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றொன்று நிறைக்கும், வலிமை கூடும். அதே அளவுக்கு நிலையாமையும் கூடும். இந்த ஆட்டத்தில் நிலச் சீட்டுகளின் வரலாறு, பெரும்பாலும் இந்த நிலையாமையை என்ன விலை கொடுத்து நீக்கலாம் என்று தேடிய வரலாறுதான்.

முதற் பதிப்பிலேயே கார்ஃபீல்டு கலப்பு நிலங்களை வைத்திருந்தார். ஒரே சீட்டு, இரண்டு நிலம். ஐந்து நிறங்களை இரண்டிரண்டாகச் சேர்த்தால் பத்து இணைகள் வரும். அச்சுப் பிழையால் முதல் வெளியீட்டில் ஒன்று விடுபட்டு ஒன்பதே இடம்பெற்றன. அடுத்த பதிப்பில் பத்தும் நிறைந்தன. அவற்றின் பெயர்களில் பல, உலக நிலவியலிலிருந்து எடுக்கப்பட்டவை. மலையும் காடும் கலந்தால் 'டைகா'. காடும் சமவெளியும் கலந்தால் 'சவன்னா'. காடும் சதுப்பும் கலந்தால் 'பையூ', அதாவது ஆறு தேங்கிக் கிளைக்கும் கழி நிலம். இரண்டு நிலங்கள் சேரும் இடத்துக்கு உலக மொழிகளில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது என்பதை இந்தச் சீட்டுகள் வழியாகவே கவனித்தேன்.

இந்தப் பத்து நிலங்களுக்கும் விலை எதுவும் வைக்கப்படவில்லை. கலப்பு இலவசமாகக் கிடைத்தது. வலிமை மிகுந்த இந்தச் சீட்டுகள் போட்டிகளில் செல்லுபடியாகும் பதிப்புகளில் 1994க்குப் பிறகு அச்சிடப்படவில்லை. 1996இல், பழைய சீட்டுகளின் மதிப்பைக் காக்கும் பொருட்டு, இனி ஒருபோதும் மறுபதிப்புச் செய்வதில்லை என்ற பட்டியல் ஒன்றை நிறுவனம் அறிவித்தது. இந்தப் பத்தும் அதில் அடங்கின. ஆட்டத்துக்குள் விலையில்லாத நிலம் சந்தையில் விலையுயர்ந்த நிலமாயிற்று. இன்று ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான டாலருக்குக் கைமாறுகிறது.

பின்னர் வந்த கலப்பு நிலங்கள் ஒவ்வொன்றும் ஏதேனும் ஒரு விலை கேட்டன. ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் தொடக்கத்தில் இருபது உயிர்ப்புள்ளிகள் உண்டு. 1995இல் வந்த 'வலி நிலங்கள்' நிறம் தரும் ஒவ்வொரு முறையும் ஒரு புள்ளியைத் தின்றன. 2002இல் வந்தவை 'தேடு நிலங்கள்'. ஒரு புள்ளி கொடுத்து, அந்த நிலத்தையும் இழந்து, கட்டுக்குள்ளிருந்து வேண்டிய நிலமொன்றைத் தேடி எடுத்துக்கொள்ளலாம். 2005இல் ராவ்னிகா தொகுப்பில் வந்த நிலங்கள் ஒரு தெரிவை முன்வைத்தன. இரண்டு புள்ளி கொடுத்தால் உடனே பயன்படும். கொடுக்காவிட்டால் ஒரு முறை காத்திருக்க வேண்டும். 2020இல் மூன்று நிலங்கள் கலந்த சீட்டுகள் வந்தன. அவற்றுக்குக் காத்திருப்பதே கட்டாயம். குருதி அல்லது காலம், இரண்டிலொன்றைக் கொடுத்தாக வேண்டும்.

கலப்பு நிலங்களை மட்டும் நம்பிக் கட்டு அமைப்பவரைத் தண்டிக்கவும் சீட்டுகள் உண்டு. 1994இல் வந்த 'பிளட் மூன்', அதாவது குருதி நிலா, களத்துக்கு வந்தால் அடிப்படை நிலங்களல்லாத எல்லா நிலமும் வெறும் மலையாகிவிடும். டைகாவும் சவன்னாவும் தம் இயல்பு கெட்டு ஒரே நிலமாய் நிற்கும். சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையென்று ஒரு வடிவம் கொள்ளும் செய்தியை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. அங்கே வேனிற் ஞாயிறு செய்வதை இங்கே ஒரு சிவந்த நிலா செய்கிறது.

இனித் தொல்காப்பியரிடம் வருவோம். திணைகள் தம்முள் மயங்குவது விலக்கப்பட்டதன்று என்று அவர் சொல்கிறார். உடனே ஒரு வரம்பும் இடுகிறார். நிலமும் நிலமும் ஒருங்கே மயங்குவதில்லை. உரிப்பொருள் அல்லாதவை மயங்கலாம். வேற்று நிலத்துப் பூவோ பறவையோ தனக்குரிய நிலத்தையும் பொழுதையும் விட்டு வந்தால், வந்து சேர்ந்த நிலத்தின் பொருளாகவே கொள்ளப்படும். அதாவது கருப்பொருள் இடம்பெயரலாம். நிலமும் உரிப்பொருளும் அசையா.

சீட்டாட்டம் இதைப் பாதி ஏற்று, பாதி மறுக்கிறது. செந்நிற மந்திரத்துக்குச் செம்மையே வேண்டும், அதில் தளர்வில்லை. உரிப்பொருளைப் போல அது நிலைத்து நிற்கிறது. ஆனால் தொல்காப்பியர் அசைக்காத நிலத்தை ஆட்டம் அசைத்துவிடுகிறது. கவிதைக்கு இலக்கணம் செய்தவருக்கு, கேட்போன் மனத்தில் காட்சி குழம்பாதிருக்க நிலம் உறுதியாக நிற்க வேண்டியிருந்தது. ஆடுபவனுக்கோ கையில் உள்ளதை இறக்குவதற்கு நிலம் வளைந்துகொடுக்க வேண்டியிருக்கிறது. இரண்டிலும் ஏதோ ஒன்று அசையாமல் இருந்தால்தான் மற்றது மயங்க முடியும்.

நிலம் மயங்காது என்ற விதியை நான் வகுப்பில் சொல்லிக்கொண்டிருக்கும் இடம் தாமிரபரணிக் கரை. பொதிகையில் பிறந்து முண்டந்துறைக் காட்டைக் கடந்து வயல்களுக்கு நீரூட்டிப் புன்னைக்காயலில் கடலடையும் இந்த ஆறு, ஏறத்தாழ 125 கிலோமீட்டருக்குள் நான்கு நிலத்தையும் கோத்துவிடுகிறது. தெற்கே செம்மணல் தேரி பாலைக்குச் சாயல் காட்டுகிறது. ஏரலுக்கு அருகில்தான் கொற்கை. சங்கப் பாடல்களில் முத்துக்குப் பேர்பெற்ற பாண்டியர் துறை, கிரேக்க மாலுமிக் குறிப்புகளில் இடம்பெற்ற துறை, கால்டுவெல் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அகழ்ந்து பார்த்த ஊர். இன்று கடல் அங்கிருந்து சில கிலோமீட்டர் விலகிவிட்டது. ஆறு கொணர்ந்த வண்டல் நெய்தலை மருதமாக்கிவிட்டது. கப்பல் நின்ற பக்கத்தில் வாழையும் நெல்லும் நிற்கின்றன. வாழைக்கு வரமான அதே வண்டலே துறைமுகத்தைத் தூர்த்தது. துறை பழையகாயலுக்கு நகர்ந்தது. பிறகு புன்னைக்காயலுக்கும் தூத்துக்குடிக்கும் நகர்ந்தது. நிலம் மயங்கியது, விலையும் கொடுக்கப்பட்டது.

குருதி நிலாவையும் இந்த ஊர் பார்த்திருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஆறு ஏரல் ஊருக்குள் புகுந்தது, ஆற்றுப்பாலம் சேதமடைந்தது. வயல், தோட்டம், கடைத்தெரு என்ற வேறுபாடெல்லாம் அழிந்து, கண்ணுக்கெட்டிய வரை ஒரே நிலமாக, நீராக இருந்தது.

மருமகனுக்கு என்ன விடை சொன்னேன் என்று கேட்கலாம். இருவரும் அவனுடைய சீட்டுகளை எண்ணினோம். செம்மையும் பசுமையும் தொடக்கத்திலேயே வேண்டியிருந்தன. வெண்மைச் சீட்டு இரண்டே, அவையும் கடைசியில் இறக்குபவை. அது சோறன்று, ஊறுகாய். முதல் முறையிலேயே ஒரு நிறம் வேண்டுமென்றால் அறுபதில் 14 நிலமாவது அந்த நிறத்தைத் தர வேண்டும் என்று நெதர்லாந்து ஆட்டக்காரர் பிராங்க் கார்ஸ்டன் 2013இல் கணக்கிட்டிருப்பதாக அவனே சொன்னான். மலையும் காடும் கலந்தவை எட்டு, காடும் சமவெளியும் கலந்தவை நான்கு, தனி மலை ஆறு, தனிக் காடு ஐந்து, தனிச் சமவெளி ஒன்று என்று வைத்தோம். நிலம் அதே இருபத்து நான்குதான். ஆனால் செம்மைக்கு 14, பசுமைக்கு 17, வெண்மைக்கு 5 வழிகள் கிடைத்தன. கலப்பு நிலங்களில் சில புள்ளியைத் தின்னும், சில காத்திருக்கச் சொல்லும். குருதி நிலா வந்தாலும் தனி நிலங்கள் பன்னிரண்டு மிஞ்சும்.

"அப்போ எல்லாத்தையும் கலப்பாவே வச்சிரக் கூடாதா, மாமா?" என்று அவன் கேட்டான். கொற்கையை மறுநாள் காட்டுகிறேன் என்றேன்.

கல்லூரி திறந்ததும் வழக்கம்போல ஐந்து கட்டம் வரைந்தேன். இம்முறை கட்டங்களுக்கிடையே உள்ள கோடுகளைப் புள்ளிக் கோடுகளாகப் போட்டேன். தேர்வில் எப்படி எழுதுவது என்று ஒரு மாணவி கேட்டார். தேர்வில் நேர்கோடே போடச் சொல்லியிருக்கிறேன்.